மலையேறும் கேமராவுக்கு மார்பளவு போதும்

மதுரைக்காரருக்கு மலை தூரத்தில் இல்லை. வடகிழக்கே யானைமலை, வடக்கே அழகர்மலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே திருப்பரங்குன்றம் என்று நகரத்தைச் சுற்றியே குன்றுகள் நிற்கின்றன. விடியற்காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் பெரியகுளத்தில் இறங்கிவிடலாம். இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால் கொடைக்கானலில். கேமராவோடு இந்த மலைகளில் நடக்கிறவர்கள் ஒரு கட்டத்தில் ட்ரைபாட் வாங்க நினைக்கிறார்கள். சிறியதாக இருக்க வேண்டும், கனக்கக் கூடாது, பையில் அடங்க வேண்டும். இந்த ஆசைகளுக்கு ஏற்றாற்போலவே அட்டைப்பெட்டியின் மேல் மூன்று எண்களை அச்சிட்டிருப்பார்கள்: எடை எவ்வளவு, மடித்தால் எவ்வளவு நீளம், எத்தனை கிலோ தாங்கும். வாங்குகிறவர் இந்த மூன்றையும் விலையோடு சேர்த்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். மலைக்கு மேலே, காற்றடிக்கும் பாறையில் நிற்க வைத்த பிறகுதான் தேர்வு தவறிவிட்டது தெரிகிறது. ட்ரைபாட் செய்ய வேண்டிய ஒரே வேலை கேமராவை அசையாமல் வைத்திருப்பது. அந்த வேலையை அது எவ்வளவு நன்றாகச் செய்யும் என்பதைப் பற்றி அந்த மூன்று எண்களும் ஒன்றும் சொல்வதில்லை.

எடையைக் குறைக்க வேண்டுமானால் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கால்களின் தடிமனை விட்டுக்கொடுத்து, உயரத்தைக் காப்பாற்றித் தருகிறார்கள். "ஒரு கிலோதான், ஐந்தடி உயரம்" என்றால் விற்பனைக்கு நன்றாக இருக்கிறது. மலை நடைக்கு இது நேர் எதிரான பேரம். விட்டுக்கொடுக்க வேண்டியது உயரத்தை. காப்பாற்றிக்கொள்ள வேண்டியது கால்களின் தடிமனை. நடுத்தண்டை உயர்த்தாமலே மார்பளவு வரும், கடைசிக் கால்துண்டு கட்டைவிரலை விட மெலியாத, தலைப்பகுதியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் ட்ரைபாட் ஒன்று போதும். மதுரையிலிருந்து போய்வரக்கூடிய எந்த மலைக்கும் அது போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அடிப்படையான ஒரு மறுப்பைப் பார்த்துவிட வேண்டும். இன்றைய கேமராக்களில் சென்சாரே கை நடுக்கத்துக்கு ஏற்ப நகர்ந்து படத்தைக் காப்பாற்றுகிறது. ஐந்து ஸ்டாப் வரை ஈடுகட்டும் என்பது இப்போது சாதாரணமாகச் சொல்லப்படும் அளவு. 35 மி.மீ. லென்ஸில் கையில் பிடித்து நொடியில் முப்பதில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தவர், இந்த வசதியால் ஏறக்குறைய ஒரு நொடி வரை போகலாம் என்று கணக்கு. அப்படியிருக்க ட்ரைபாட்டை ஏன் மலை மேல் சுமக்க வேண்டும்? பகல் வெளிச்சத்தில், சாதாரண லென்ஸில் காட்சிகளை எடுக்கிறவருக்கு இந்தக் கேள்வி முழுக்க நியாயமானது. அவர் ட்ரைபாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு இன்னொரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போகலாம். ஆனால் மலையில் நம்மை இழுக்கும் காட்சிகள் பலவும் அந்த வட்டத்துக்குள் அடங்குவதில்லை. வட்டக்கானல் பக்கத்துச் சோலைக்குள் நண்பகலிலும் வெளிச்சம் குறைவுதான். அங்கே ஓடும் நீரை நூலாக இழைந்து தெரியும்படி எடுக்க அரை நொடியிலிருந்து இரண்டு நொடி வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அதே சமயம் பக்கத்துப் பாறையின் பாசி கூர்மையாக விழ வேண்டும். கொடைக்கானல் விளிம்பிலிருந்து இரவில் கீழே தெரியும் பெரியகுளம், தேனி சமவெளியின் விளக்குகளுக்குப் பத்து நொடிக்கு மேல் தேவைப்படும். நட்சத்திரங்களுக்கு இன்னும் அதிகம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், 500ஐ லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்து வரும் நொடிக்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுபடும் என்று ஒரு தோராய விதி வைத்திருக்கிறார்கள். 20 மி.மீ. லென்ஸுக்கு அது 25 நொடி. எந்த சென்சாரும் 25 நொடியைக் கையில் பிடித்துத் தராது. செல்போன்களே இதை ஒப்புக்கொள்கின்றன: கூகுள் பிக்சலின் நட்சத்திரப் பட வசதி போனை அசையாமல் நிறுத்தி வைத்தால்தான் இயங்கும், நான்கு நிமிடம் வரை ஒளியைச் சேகரிக்கும்.

நீண்ட எக்ஸ்போஷரை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி விஷயம்தான் சொன்னதாகும். ஒரே இடத்தில் நின்று, ஒரே மட்டத்தில், அடுத்தடுத்துப் பல படங்கள் எடுக்கவும் ட்ரைபாட் வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டில் 160 ஆண்டுக்கு மேற்பட்ட சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858 தொடக்கத்தில் மதுரைக்கு வந்தார். ஓரடிக்கு மேல் நீளமான காகித நெகட்டிவ்கள், அதற்கேற்ற பெரிய கேமரா, ரசாயனங்கள் என்று எல்லாமே மாட்டுவண்டியில் வந்தன. மீனாட்சி கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்த அவர் யானைமலையையும் எடுத்தார். மதுரைப் படங்கள் அதே ஆண்டு தொகுப்பாக வெளிவந்தன. எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில் நீண்ட காலம் அது. நிலையான தாங்கி இல்லாமல் ஒரு படம்கூடச் சாத்தியமில்லை. அதே பயணத்தில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடி நீளப் படமாக்கினார். கேமராவின் மட்டம் ஒவ்வொரு முறையும் பிசகாமல் இருந்தால்தான் அப்படி ஒட்ட முடியும். ட்ரைப்பின் யானைமலைப் படம் இன்றைக்கும் பயன்படுகிறது; பாறையின் அன்றைய விளிம்பை இன்றைய விளிம்போடு வைத்துப் பார்க்கலாம். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகளால் குன்றுகள் கரைந்ததைக் கண்ட மாவட்டம் இது. ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸில், ஆண்டுக்கு ஒரு முறை ஒரு குன்றைப் படமெடுத்து வைக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அதற்கும் ஏறிப் போய் நிறுத்தக்கூடிய ட்ரைபாட்தான் வேண்டும்.

எங்கே நிறுத்தப் போகிறோம் என்பது அடுத்த கேள்வி. மதுரைக்காரர் போகும் மலைகள் இரண்டு வகை. கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி, யானைமலை போன்றவை சமவெளியில் தனித்து நிற்கும் மொட்டைப் பாறைகள். ஏறும் தூரம் குறைவு. மேலே மரமில்லை, மறைவில்லை. பாறை சரிவானது, சில இடங்களில் வழுவழுப்பானது. விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் அங்கே நல்ல வெளிச்சம். மற்றொன்று சிறுமலை, பழனிமலைத் தொடர், மேகமலை போன்ற உயர்ந்த மலைகள். அங்கே நடை நீளமானது. வழியில் மண், சேறு, வேர், ஓடை எல்லாம் உண்டு. கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பழைய பாதையில், சமவெளியின் வெப்பத்திலிருந்து சோலையின் குளிர் வரை ஒரே நாளில் நடந்துவிடலாம். இரண்டு வகைக்கும் பொதுவாக இருப்பது காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு பொருளின் மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. கீழே வீட்டு மொட்டை மாடியில் ஆடாமல் நின்ற ட்ரைபாட் குன்றின் உச்சியில் நடுங்குவதற்கு இதுதான் காரணம்.

இனி உயரத்துக்கும் தடிமனுக்கும் வருவோம். ஒரு குழாய் எவ்வளவு வளையும் என்பதை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன. சுவரின் கனம் மாறாமல் இருந்தால் குழாயின் விறைப்பு அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். நீளம் கூடினால் வளைவும் நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். ட்ரைபாட்டின் கால் வெறும் ஒற்றைக் குழாய் இல்லை, மூட்டுகளும் பூட்டுகளும் உண்டு. ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. 150 செ.மீ. உயரத்தில் நிற்கும் கேமராவை 120 செ.மீ.க்கு இறக்கினால், ஐந்தில் ஒரு பங்கு உயரம்தான் போகிறது. வளைவோ ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. வேறு எந்த வழியிலும், எவ்வளவு காசு கொடுத்தாலும், இவ்வளவு லாபம் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. தடிமன் கணக்கும் இதே கதைதான். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் ஒவ்வொன்றும் மேலே இருப்பதை விடச் சுமார் 3 மி.மீ. மெலிந்து வரும். மேல் குழாய் 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நான்கு துண்டுக் காலின் கடைசித் துண்டு 16 மி.மீ.; ஐந்து துண்டுக் காலில் 13 மி.மீ. இந்த மூன்று மில்லிமீட்டரில் விறைப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது. விளம்பரத்தில் வருவது எப்போதும் மேல் குழாயின் தடிமன். பாறையைத் தொடுவதோ கடைசித் துண்டு. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது அதன் அளவைத்தான்.

நடுத்தண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று கால்களும் சேர்ந்து தரும் முக்கோண உறுதிக்கு மேலே ஒற்றைக் குச்சியை நீட்டி, அதன் நுனியில் கேமராவை வைப்பதுதான் நடுத்தண்டை உயர்த்துவது. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச உயரம் பெரும்பாலும் இந்தக் குச்சியையும் சேர்த்த கணக்கு. 2019இல் கிக்ஸ்டார்ட்டரில் 1.2 கோடி டாலருக்கு மேல் திரட்டிப் பேர்பெற்ற பீக் டிசைன் ட்ராவல் ட்ரைபாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முழு உயரம் 152 செ.மீ.; தண்டை உயர்த்தாமல் 130 செ.மீ. அந்த நிறுவனம் இரண்டு அளவையும் வெளிப்படையாகத் தருகிறது. ஒரு ட்ரைபாட்டின் உண்மையான உயரம் இரண்டாவது எண்தான். முதலாவதை, வேறு வழியே இல்லாதபோது, காற்றில்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்தும் கையிருப்பாகக் கருத வேண்டும்.

மார்பளவு உயரம் போதாது என்பவர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டு கனமானவை. குனிந்து குனிந்து முதுகு வலிக்கும் என்பது ஒன்று. கண்ணை வைத்துப் பார்க்கும் துளை மட்டுமே இருந்த காலத்தில் இதை மறுக்க முடியாது. மேல்நோக்கி மடங்கும் திரை இருக்கும் கேமராவில் மார்பளவு உயரம்தான் வசதியான உயரம். கோயில் குளத்தை எட்டிப் பார்ப்பதுபோல் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். மடங்காத திரை உள்ள பழைய கேமரா வைத்திருப்பவருக்கு இந்தச் சிரமம் உண்மையானது. அவர் போனில் கேமராவின் காட்சியைப் பார்க்கும் செயலியைப் பயன்படுத்தலாம், அல்லது பாறை மேல் உட்கார்ந்து எடுக்கலாம். மற்றொன்று இதை விட வலுவான காரணம். மலையில் தரை சமமாக இருக்காது. சரிவில் நிறுத்தும்போது கீழ்ப்பக்கக் காலை நன்றாக நீட்ட வேண்டும், மேல்பக்கக் கால்கள் குறுகி நிற்கும். மார்பளவுக்கு மட்டுமே நீளும் ட்ரைபாட் அங்கே இடுப்பளவுக்கு இறங்கிவிடும். ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம்தான். அதனால்தான் தண்டில்லாமல் 120லிருந்து 130 செ.மீ. வரை என்ற அளவைச் சொல்கிறோம். 100 செ.மீ.யில் முடியும் மிகச் சிறிய வகைகளையும் மேசை மேல் வைக்கும் குட்டி ட்ரைபாட்களையும் பெரிய கேமராவுக்கு ஏற்க முடியாததும் இதனால்தான். மீதியைக் காலின் கோணத்தை மாற்றிச் சமாளிக்கலாம். நல்ல ட்ரைபாட்டில் ஒவ்வொரு காலும் தனித்தனியாக இரண்டு மூன்று கோணங்களில் நின்று பூட்டிக்கொள்ளும். ஒரு காலைப் பாறைத் திட்டின் மேல் அகட்டி வைத்து, இரண்டைக் கீழே ஊன்றினால் சரிவு பிரச்சினையாக இருக்காது. காற்றுள்ள பாறையில் இடுப்பளவில் நிறுத்துவதே நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மடித்த நீளத்தைப் பற்றிய ஆவல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விடை விமானத்தில் இருக்கிறது. கையோடு கொண்டுபோகும் பெட்டி 55 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது, எடை 7 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு உள்ளே நுழைவதற்காகப் பிறந்தவைதான் ட்ராவல் ட்ரைபாட்கள். கால்களைத் தலைகீழாக 180 பாகை மடித்துத் தலைப்பகுதியைச் சுற்றி ஒடுக்குவது, ஐந்து துண்டாக்குவது எல்லாம் அதற்கான வழிகள். தேனி பஸ்ஸில் தலைக்கு மேல் இருக்கும் கம்பித் தட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முதுகில் மாட்டும் மலைப்பையின் உயரம் 50 செ.மீ.க்கு மேல் இருக்கும். அதன் பக்கவாட்டில் 45 செ.மீ. ட்ரைபாட் தலை நீட்டாமல் நிற்கும். 40 செ.மீ.க்கு இறக்குவதற்காக ஐந்தாவது துண்டை ஏற்றுக்கொள்வது, பறக்காத பயணத்துக்கு விமானக் கட்டணம் கட்டுவதற்குச் சமம். அடிக்கடி விமானத்தில் போகிறவருக்குக் கணக்கு வேறு. அவரும் ஐந்தாவது துண்டை நீட்டாமல் பயன்படுத்தப் பழகிக்கொண்டால் இழப்பைக் குறைக்கலாம். பையில் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும்: கீழ் நுனி பக்கப் பையில் இறங்கி, மேலே பட்டையால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கைகளை ஊன்றி ஏறும் பாறையிலும் கிளைகள் தாழ்ந்த சோலைப் பாதையிலும் பைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் ஆளைத் தள்ளிவிடும்.

எடைக்கு வருவோம். ஒரு கிலோ ட்ரைபாட்டுக்கும் ஒன்றரைக் கிலோ ட்ரைபாட்டுக்கும் இடையே இருப்பது அரை லிட்டர் தண்ணீரின் எடை. பங்குனி, சித்திரை வெயிலில் மதுரைக் குன்றுகளில் ஏறுகிறவர் மூன்று லிட்டராவது சுமக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு கிராமையும் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தச் சுமையோடு வைத்துப் பார்த்தால் ட்ரைபாட்டில் மிச்சப்படுத்தும் அரைக் கிலோ சிறியது. அதனால் இழக்கும் உறுதி பெரியது. முதுகுப்பையில் தேவையில்லாத இரண்டாவது லென்ஸை எடுத்து வைத்துவிட்டாலே அந்த அரைக் கிலோ ஈடாகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் எடை தலைப்பகுதியோடு சேர்ந்ததா, கால்கள் மட்டுமா என்று பார்ப்பதும் அவசியம். பால் ஹெட் எனும் தலைப்பகுதி மட்டுமே 300, 400 கிராம் இருக்கும்.

கார்பன் ஃபைபரா, அலுமினியமா என்ற கேள்வியும் எடையோடு சேர்ந்தே வரும். பிரெஞ்சு நிறுவனமான கிட்ஸோ 1994இல் கார்பன் ஃபைபர் ட்ரைபாட்டை அறிமுகப்படுத்தியது முதல் அது பெருமைக்குரிய பொருளாக ஆகிவிட்டது. மேலே சொன்ன பீக் டிசைனில் இரண்டு வகையும் உண்டு. கார்பன் 1.27 கிலோ, அலுமினியம் 1.56 கிலோ. வித்தியாசம் 290 கிராம். கார்பனின் விலையோ அலுமினியத்தின் விலையைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. அந்த 290 கிராமுக்காக மட்டும் அவ்வளவு கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. கார்பனுக்கு வேறு நியாயங்கள் இருக்கின்றன. தட்டினால் எழும் அதிர்வை அது அலுமினியத்தை விட விரைவில் அடக்குகிறது. நம்மூர் வெயிலில் கிடந்த அலுமினியக் காலைத் தொட்டால் சுடும், கொடைக்கானல் அதிகாலையில் அதே கால் கையை மரக்க வைக்கும். கார்பனில் இரண்டும் இல்லை. மறுபக்கம், பாறையில் மோதினால் அலுமினியம் ஒடுங்கும், கார்பன் விரிசல் விடலாம். ஒடுங்கிய காலோடு வீடு வந்து சேரலாம். காசு அளவோடு இருக்கிறவர் அலுமினியக் காலும் நல்ல பால் ஹெட்டுமாக வாங்குவது, கார்பன் காலும் வழுக்கும் ஹெட்டுமாக வாங்குவதை விட மேல். கேமராவோடு சேரும் தட்டு 38 மி.மீ. அகல ஆர்கா வகையாக இருந்தால் பின்னாளில் எந்த நிறுவனத்தின் ஹெட்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

"8 கிலோ தாங்கும்", "12 கிலோ தாங்கும்" என்ற எண்களை மட்டும் ஒதுக்கிவிடலாம். அவற்றை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை எதுவும் இல்லை. ஒடியாமல், சரியாமல் எவ்வளவு எடை நிற்கும் என்பதே அவற்றின் பொருள். நடுங்காமல் நிற்குமா என்பது வேறு கேள்வி. அதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். சொந்தக் கேமராவையும் இருப்பதில் நீளமான லென்ஸையும் எடுத்துப் போக வேண்டும். கால்களை முழுக்க நீட்டி, நடுத்தண்டை இறக்கி, கேமராவை மாட்டி, கடையின் கோடியில் உள்ள ஏதாவது எழுத்தைக் குறிவைத்து, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். லென்ஸின் முன்விளிம்பை விரலால் மெல்லச் சுண்டினால் எழுத்து துள்ளும். துள்ளல் ஒரு நொடிக்குள் அடங்கினால் நல்ல கால். இரண்டு மூன்று நொடி ஊசலாடினால் மலைக்காற்றில் அது ஓயவே ஓயாது. அடுத்து, கேமராவைக் கழற்றிவிட்டு ஹெட்டின் மேல்தட்டைப் பிடித்து இடமும் வலமும் லேசாகத் திருகிப் பார்க்க வேண்டும். விரலுக்குக் கீழே முறுக்கம் தெரிந்தால், நெகிழ்வது கால் கூடுகிற தோள்பகுதியா, தண்டா, கடைசித் துண்டா என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். பிறகு கடைசித் துண்டுகளை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு இதே சோதனையை மறுபடி செய்தால், உயரத்தை விட்டுக்கொடுப்பதன் பலன் கடைக்காரர் கண்முன்னேயே தெரியும். இணையத்தில் வாங்குகிறவர் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் இதை வீட்டில் செய்யலாம்.

எடை குறைந்த கால்களுக்குப் பையைத் தொங்கவிட்டு உறுதி கூட்டலாம் என்ற யோசனை எல்லாப் புத்தகங்களிலும் உண்டு, நடுத்தண்டின் அடியில் அதற்கொரு கொக்கியும் இருக்கும். காற்றில்லாத இடத்தில் அது உதவும். காற்றில் அந்தப் பையே ஊசலாகி ட்ரைபாட்டை ஆட்டும். பையின் அடி தரையில் பட்டும் படாமலும் இருக்கும்படி பட்டையைச் சரிசெய்தால்தான் பயன். பாரம் தொங்கவிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை வேறு: கேமராவின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், லென்ஸின் வெயில்மறைப்பைக் கழற்ற முடிந்தால் கழற்ற வேண்டும், காற்று வரும் திசையில் ஒரு காலை நீட்டி வைக்க வேண்டும், ஷட்டரை விரலால் அழுத்தாமல் இரண்டு நொடி டைமரில் விட வேண்டும். காற்றுக்கும் ட்ரைபாட்டுக்கும் நடுவே ஆள் உட்கார்ந்துகொள்வது எல்லாவற்றையும் விட நல்ல பலன் தரும். தாழ்ந்த ட்ரைபாட் என்றால்தான் அதற்கும் வழி.

இந்த வாதத்துக்கு ஒரு விலக்கு உண்டு. செல்போனில் மட்டும் படமெடுப்பவர் ஒன்றரைக் கிலோவைச் சுமக்கத் தேவையில்லை. போனின் எடை 200 கிராம் அளவுதான், காற்று பிடிக்கும் பரப்பும் குறைவு. அரைக் கிலோவுக்குள் உள்ள சிறிய ட்ரைபாட்டைத் தாழ்வாக நிறுத்தினால் அவருக்குப் போதும். கைத்தடியின் நுனியில் கேமராவை மாட்டிக்கொள்ளும் ஒற்றைக்கால் வகையைச் சிலர் சொல்கிறார்கள். நடக்கவும் உதவும், பறவை எடுக்கவும் உதவும். அரிட்டாபட்டியில் வல்லூறு பார்க்கப் போகிறவருக்கு நல்ல துணை. ஓடைக்கும் இரவுக்கும் அது ட்ரைபாட்டின் இடத்தை எடுக்காது.

பூட்டுகளில் திருகு வகை, கிளிப் வகை என இரண்டு. கிளிப் பூட்டியிருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரியும், ஆனால் பையில் மாட்டி இழுக்கும், நாளடைவில் தளர்ந்து இறுக்கச் சிறு சாவி கேட்கும். திருகு வகை ஒடுக்கமானது. மணல் புகுந்தால் நறநறக்கும். கருவிகள் இல்லாமல் கையாலேயே கழற்றித் துடைக்க முடிகிற திருகு வகையே நம் புழுதிக்கும் ஓடைக்கும் ஏற்றது. ஓடையில் நிறுத்திய நாளில் வீடு வந்ததும் கால்களை முழுக்க நீட்டி உலர விட வேண்டும். இதே ட்ரைபாட்டைத் தனுஷ்கோடிக்கும் கொண்டு போகிறவர் நல்ல தண்ணீரில் அலசாமல் மடிக்கவே கூடாது; உப்பு பூட்டைத் தின்றுவிடும்.

பாதங்களைப் பற்றிச் சொல்லும்போது மதுரைக் குன்றுகளுக்கென்று ஒரு பொறுப்பு வருகிறது. சேற்றிலும் புல்லிலும் கூரிய இரும்பு முனை நன்றாக ஊன்றும். பாறையில் ரப்பர் பாதம்தான் பிடிக்கும். சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி ஆகிய இடங்களில் காலடியில் இருப்பது வெறும் பாறை மட்டும் இல்லை. சமண முனிவர்களின் படுக்கைகளும், தமிழி எழுத்தில் வெட்டிய வரிகளும், புடைப்புச் சிற்பங்களும் அதே பரப்பில் இருக்கின்றன. பல இடங்களில் வேலிகூட இல்லை. அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அந்தப் பழைய எழுத்துகளும் அதன் பெருமைகளில் அடங்கின. இரண்டாயிரம் ஆண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கிய எழுத்தை ஓர் இரும்பு முனை ஒரு நொடியில் கீறிவிடும். இந்தக் குன்றுகளுக்குப் போகும்போது முனைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். படுக்கைகளின் மேல் ரப்பர் பாதத்தைக்கூட வைக்கக் கூடாது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் ட்ரைபாட் பயன்படுத்த முன் அனுமதி வாங்க வேண்டும். கையில் பிடித்து எடுக்கலாம், ட்ரைபாட்டுக்கு மட்டும் ஏன் தடை என்று பலர் எரிச்சலடைகிறார்கள். விண்ணப்பிக்கும் முறை இன்னும் எளிதாக வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் தடையின் பின்னால் இருக்கும் அக்கறையை, அந்தப் பாறைகளைப் பார்த்த எவரும் மறுக்க முடியாது.

உயர்ந்த மலைகளில் அனுமதி இன்னும் தீவிரமான விஷயம். 2018 மார்ச் 11இல் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களின் உயிரைக் குடித்த பிறகு, காட்டுக்குள் நடப்பதற்கான விதிகளை அரசு இறுக்கியது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டு, வழிகாட்டியோடு நடக்க இணையத்தில் பதிவு செய்யும் வசதி வந்தது. இது பகல் நடை. குழுவாகப் போக வேண்டும். ஒருவர் ட்ரைபாட்டை விரித்துக் கோணம் பார்க்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே அங்கே வேகம் முக்கியம். மூன்று கால்களையும் நீட்டி, பூட்டி, கேமராவை மாட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. நான்கு துண்டுக் காலில் ஒவ்வொரு காலுக்கும் மூன்று பூட்டு, ஆக ஒன்பது. ஐந்து துண்டில் பன்னிரண்டு. கடைசித் துண்டை நீட்டாமல் மார்பளவுக்குக் கீழே வைத்தால் ஒன்பது ஆறாகக் குறையும். காட்டுப் பாதையில் நட்சத்திரங்களுக்காக இருட்டும் வரை தங்குவது விதிப்படி முடியாது. அந்தப் படங்களுக்குக் கொடைக்கானல் ஊருக்குள் தங்கும் விடுதியின் மாடியோ மன்னவனூர் பக்கத்துத் தனியார் தோட்டமோ போதும். அமாவாசையை ஒட்டிய, மேகமில்லாத தை மாசி இரவுகளில் காற்றும் அங்கே சற்றுத் தணிந்திருக்கும்.